பூந்தமல்லி பக்கம் யாருக்கும் அந்த நினைப்பு இல்லை

நாலு மொழி தெரியும் என்று பெருமை பேசிக்கொண்டு ஈப்போவிலிருந்து கிளம்பி வந்தவள், மண்ணூர்பேட்டையில் இட்லி வாங்கத் தெரியாமல் விழித்தேன். எங்கள் மலேசியாவில் காலை உணவு சாப்பிடுவதற்குப் பெயர் பசியாறுவது. அந்தப் பழக்கத்தில் கல்லாவில் இருந்தவரிடம், "பசியாற என்னங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முகம் இளகியது. "உக்காருமா" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பி, "அம்மாவுக்கு ரெண்டு இட்லி சேத்து வையிப்பா" என்றார். பட்டினி கிடந்து வந்த கேஸ் என்று நினைத்திருக்கிறார். வடகறி நன்றாக இருந்தது, அதனால் நானும் திருத்தவில்லை.

வந்த காரியம் இதுதான். ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் பல தேசங்களில் ஒரே கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, வாழ்க்கை வெறுத்துப் போனதா என்று பெண்களிடம் அவரவர் மொழியில் கேட்டு, எந்த ஊரில் மனத்துயரம் எவ்வளவு, எங்கே உதவி வேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக்குப் பொறுப்பு ஹெலன் என்ற இளம் டாக்டர். அவருக்குத் தமிழ் தெரியாது. பூந்தமல்லிக்காரப் பெண் பர்வீன் தமிழில் கேட்டு, பதிலை ஆங்கிலத்தில் சொல்வார். இந்தப் பக்கம் சொல்வது அந்தப் பக்கம் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று கூட உட்கார்ந்து பார்ப்பது என் வேலை. ஈப்போ ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவே உட்கார்ந்தே எனக்குத் தலை நரைத்தது என்பதால் கூப்பிட்டார்கள்.

கூப்பிட இன்னொரு காரணமும் இருந்தது. அதை ஹெலன் முதல் நாளே, ரோட்டோரத்தில் இளநீர் குடித்துக்கொண்டே சொன்னார். கேள்விகளில் கடைசியாக வருவது, செத்துப்போகலாம் என்று தோன்றியிருக்கிறதா என்பது. மற்ற தேசங்களில் அங்கங்கே சிலர் ஆமாம் என்கிறார்கள். இங்கே ஒருவர்கூடச் சொல்லவில்லை. "இங்கே அக்கம்பக்கம் ரொம்ப நெருக்கம். அதுதான் இவர்களைக் காப்பாற்றுகிறது என்று எழுதப்போகிறேன்" என்றார் ஹெலன். அவருடைய பேராசிரியருக்கு அது நம்பும்படியாக இல்லை. எனக்கும் இல்லை. தமிழர்களை எனக்குத் தெரியும், நானும் ஒருத்தி.

பர்வீனைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போனது. முப்பத்தைந்து வயது இருக்கும், வாய் ஓயாது. "மலேசியா அக்கா" என்று எனக்குப் பெயர் வைத்துவிட்டாள். இட்லிக் கதையைச் சொன்னதும் ஷேர் ஆட்டோ குலுங்கச் சிரித்தாள். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இன்னா மேடம், பேச்சு சிலோன் மாறி கீது?" என்றார்.

"மலேசியா."

"அங்க எச்சி துப்புனா உள்ள தூக்கி வச்சிருவாங்களாமே?"

"அது சிங்கப்பூர்" என்றேன்.

"எல்லாம் ஒண்ணுதான் மேடம்" என்று சொல்லி ஜன்னல் வழியாகத் துப்பினார்.

மழை வருவதும் போவதுமாக இருந்தது. ரோட்டின் நடுவே மெட்ரோ தூண்கள், இரண்டு பக்கமும் தோண்டிப் போட்ட மண், அதற்குள் நாங்கள். குமணன்சாவடியில் ஆட்டோ தண்ணீரில் நின்று உயிரை விட்டது. ஹெலன் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு முதல் ஆளாக இறங்கினார். எங்கள் ஊரிலும் மழைக்குப் பஞ்சமில்லை, ஆனால் வடிந்துவிடும். இங்கே அது வீட்டுக்குப் போக மனமில்லாமல் நிற்கிறது.

அன்று வெள்ளிக்கிழமை. மாங்காட்டில் செல்வி என்ற பெண்ணின் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. தெருவெல்லாம் கோயிலுக்குப் போகும் பெண்கள். ஒற்றை அறை, பின்னால் சமையலுக்கு ஒரு மறைப்பு. சுவரில் பள்ளிச் சீருடையில் ஒரு பையனின் படம், அதற்கு மாலை, மாலைக்கு மேலே சின்ன சிவப்பு பல்பு. போன வருஷம் நண்பர்களோடு ஏரிக்குக் குளிக்கப் போனவன் திரும்பவில்லை என்று பர்வீன் வாசலிலேயே என் காதில் சொல்லியிருந்தாள். செல்விக்கு நாற்பது வயது இருக்கலாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. பையனுக்குக் கீழே ஒரு பெண் குழந்தை இருக்கிறது, அதைத் தங்கை வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். புருஷன் வாட்ச்மேன், ஷிஃப்டுக்குப் போயிருந்தார்.

பர்வீன் கேட்ட விதத்தை நான் ரசித்தேன் என்றே சொல்ல வேண்டும். கேள்வி கேட்பதாகவே தெரியவில்லை. பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, செல்வியின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "தூக்கம் எப்டிக்கா கீது?" என்றாள்.

"கண்ண மூடுனா தண்ணிதாம்மா தெரிது" என்றாள் செல்வி.

பர்வீன் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 'அவங்க சொல்றாங்க' என்று ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் போட்டுக்கொண்டாள், அது மட்டும்தான் குறை. எங்கள் தொழிலில் அது கூடாது. எதிரில் இருப்பவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். சாப்பாடு இறங்கவில்லை, வேலையில் மனம் நிற்கவில்லை, பெண்ணைக் காரணமில்லாமல் அடித்துவிடுகிறேன் என்று செல்வி ஒன்றையும் மறைக்கவில்லை. எல்லாம் போய்ச் சேர்ந்தது.

கடைசிக் கேள்வி வந்தது. பர்வீன் படத்துக்குக் கீழே ஏற்றி வைத்திருந்த விளக்கை ஒரு தடவை பார்த்தாள். பிறகு செல்வியின் கையை இறுக்கிக்கொண்டு, தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே கேட்டாள்:

"அந்த மாறி தப்பா ஒண்ணும் நெனக்கிறதில்லல்லக்கா? அதெல்லாம் இல்லதானே?"

செல்வி அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இல்ல" என்றாள்.

பர்வீனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஹெலன் பக்கம் திரும்பி, அப்படி ஒன்றும் இல்லையாம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஹெலனும் நிம்மதியாகக் குறித்துக்கொண்டார். செல்வி எழுந்து எங்களுக்கு டீ போட்டாள். இஞ்சி தட்டிப் போட்ட டீ. என்னால் குடிக்க முடியவில்லை.

மறுநாள் ஆவடியில் அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் உட்கார்ந்து, பதிவு செய்த பேச்சுகளைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். வெளியே ரயில் போகும்போதெல்லாம் மேசை நடுங்கியது. கடைசிக் கேள்வியை மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனேன். "அப்டியெல்லாம் ஒண்ணும் இல்லல்ல?" "சேச்சே, அந்த நெனப்பெல்லாம் உனுக்கு வராது, இல்லமா?" "புள்ளைங்க கீதே, அப்டி நெனப்பியா நீ?" பர்வீன் ஒருவரிடமும் கேள்வியைக் கேட்கவே இல்லை. பதிலைக் கொடுத்து, சரிதானே என்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். கெட்ட எண்ணமே கிடையாது. சாவு விழுந்த வீட்டில், "சாப்ட்டீங்கல்ல?" என்று நாம் எல்லாரும் கேட்பதுதான். இல்லை என்று யார் சொல்லப்போகிறார்கள்?

அதில் ஒரு பதிவு என்னை ரொம்பப் படுத்தியது. சங்கரி என்ற பெண், தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மண்ணூர்பேட்டைக்கு வந்தவள். புருஷனுக்கு ஐ.டி. வேலை. ஒண்டியாக வீட்டில் இருக்கிறாள். பர்வீன் வழக்கம்போலக் கேட்ட பிறகு ஒரு மௌனம். கருவி நின்றுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது, ஓடிக்கொண்டுதான் இருந்தது. ரொம்ப நேரம் கழித்து, "இல்ல" என்றாள். நான் தங்கியிருந்த இடத்துக்கு நாலு தெரு தள்ளித்தான் அவள் வீடு. வேறு ஊருக்கு வந்திருக்கிறோம், அடுத்த வாரம்தான் வருவோம் என்று அவளுடைய புருஷனிடமிருந்து போனில் பதில் கிடைத்தது.

மத்தியானம் பர்வீன் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். பூந்தமல்லியில் கடைத்தெருவுக்குப் பின்னால் மாடி வீடு. கீழே அவள் புருஷன் பஞ்சு மெத்தை தைக்கிறார். மட்டன் பிரியாணி, கத்தரிக்காய், தாளிச்சா. எங்கள் ஊர்ப் பிரியாணியில் முந்திரியும் திராட்சையும் தெரியும், அரிசியைத் தேட வேண்டும். இது சாப்பாடு. இப்படி ஒரு சாப்பாட்டைப் போட்டவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று தவித்தேன், கை கழுவிவிட்டுச் சொல்லிவிட்டேன்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கோபம் வந்தது.

"வெள்ளிக்கெழம, வௌக்கு எரியுது, புள்ள படம் மேல மாலை கீது. அங்க போய் ஒக்காந்துகினு, நீ சாவப்போறியான்னு கேக்க சொல்றியாக்கா?"

"கேக்கத்தாம்மா உன்ன அனுப்புறாங்க."

"அந்தப் பேச்ச வாயால சொன்னா ஊட்டுக்குள்ள கூட்டிகினு போன மாறி. நான் கேக்கப்போய், நாளைக்கி அவங்களுக்கு எதுனா ஆயிட்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?"

"கேக்காம ஆயிட்சின்னா?" என்றேன். அவள் பேச்சு எனக்கும் தொற்றிக்கொண்டிருந்தது.

 கேட்பதால் புதிதாக எண்ணம் வந்துவிடாது, ஏற்கெனவே இருப்பதைச் சொல்ல ஒரு வழி கிடைக்கும், அவ்வளவுதான் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவளுக்கும் சொன்னேன். தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாய் வெகுநேரம் ஓடியது. பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அவள் மேல் மட்டும் இல்லை. நாங்கள் எல்லாரும் இப்படித்தானே வளர்ந்தோம்.

ஹெலனிடம் சொன்னபோது அவர் முகம் வெளுத்துப்போனது, இருந்த வெளுப்புக்கு மேலேயே. பர்வீன் தலையாட்டுவதை அவர் தினமும் பார்த்திருக்கிறார். இந்தியர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள் என்று ஊரில் சொல்லி அனுப்பினார்களாம். "அப்படியானால் அந்த வீடுகளில் யாராவது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவர் அழவில்லை, சாக்கு சொல்லவில்லை. போனை எடுத்தார். ஆமாம் என்று சொல்கிறவர்களை உடனே பார்க்க அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டர் ஒருவரிடம் சம்மதம் வாங்கினார். எழுதுவது அப்புறம், முதலில் எல்லா வீட்டுக்கும் திரும்பப் போகிறோம் என்றார்.

பர்வீன் வருவாளா என்பது சந்தேகமாக இருந்தது. திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாப்பில் எங்களுக்கு முன்னால் வந்து நின்றாள்.  பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "வாய்ல வர மாட்டேங்குதுக்கா. ஊட்ல கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தேன்" என்றாள்.

மாங்காட்டில் செல்வி எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. அன்று வேலைக்குப் போகவில்லை, தலையும் வாரவில்லை. பர்வீன் அதே இடத்தில் உட்கார்ந்தாள். கையைப் பிடிக்கவில்லை. தன் கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, தலை ஆடாமல் கேட்டாள்.

"அக்கா, செத்துடலாம்னு தோணுதா உனுக்கு?"

தெருவில் யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள். செல்வி பையனின் படத்தைப் பார்க்கவில்லை. பர்வீனைத்தான் பார்த்தாள்.

"இப்பதான் கேக்கறியா?" என்றாள். "அன்னிக்கே நீ கேப்பன்னு ஒக்காந்துகினு இருந்தேன். எல்லாத்தையும் கேட்டியே, இதையும் கேப்ப, சொல்லிடலாம்னு. நீயே இல்லன்னு சொல்லிட்ட. சரி, இல்லன்னே இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

பிறகு, "தெனமும்தாம்மா" என்றாள். "பாப்பாவ ஸ்கூலுக்கு அனுப்பிட்டு வந்தா அதே நெனப்புதான்."

ஹெலன் பர்வீனைப் பார்த்தார். பர்வீன் ஆங்கிலத்தில் 'நான்' என்று ஆரம்பித்தாள். 'அவங்க சொல்றாங்க' இல்லை. 'நான் ஒவ்வொரு நாளும்' என்று சொன்னாள், அதோடு என் பக்கம் திரும்பினாள். மீதியை நான் சொல்லி முடித்தேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருடைய 'நான்' என் வாயில் வந்து போயிருக்கிறது. இது வாயிலேயே நின்றுவிட்டது.

செல்வியின் தங்கையை வரவழைத்து, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீட்டு வாங்க ஒரு வரிசை, உட்கார ஒரு வரிசை. டாக்டர் வயசானவர், அவசரப்படவில்லை. அவர் தமிழிலேயே பேசியதால் எனக்கும் பர்வீனுக்கும் அங்கே வேலை இல்லை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மருந்து, தினமும் தங்கை கூட இருப்பது, வியாழக்கிழமை திரும்ப வருவது என்று முடிவானது. சரியாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. வெளியே வந்த செல்வி என்னிடம், "உங்க மலேசியாவுல நேராவே கேட்ருவாங்களா?" என்றாள்.

"இல்ல. அங்கயும் இதே கதைதான்" என்றேன்.

கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. இல்லாமலும் இருக்கலாம்.

அடுத்து வந்த நாட்கள் எல்லாம் ஒன்றுபோலவே போயின. காட்டுப்பாக்கம், ஆவடி, மறுபடி பூந்தமல்லி. சில வீடுகளில் நிஜமாகவே இல்லை என்றார்கள், ஒருத்தி விளக்குமாற்றைக் காட்டி விரட்டினாள். சில வீடுகளில் நிஜமாகவே ஆமாம். ஒவ்வொரு ஆமாமுக்குப் பிறகும் பர்வீன் வாசலில் வந்து செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்து நின்றாள். "போன வாட்டி இவங்க எனக்கு ரோஸ் மில்க் குடுத்தாங்கக்கா" என்றாள் ஒரு தடவை. அக்கம்பக்கத்து நெருக்கம் பற்றி ஹெலன் பிறகு பேசவே இல்லை. அந்த நெருக்கம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நெருக்கமானவர்களிடம் நாம் கேட்கத் துணியாததும் உண்டு, அவ்வளவுதான்.

நான் ஊருக்குக் கிளம்பும் நாள். விமானம் சாயங்காலம். காலையில் அதே கடையில் இட்லி, கல்லாக்காரர் அதே இரக்கத்தோடு ஒன்று கூட வைத்தார். பெட்டியை அறையில் விட்டுவிட்டு, சங்கரியின் வீட்டுக்கு பர்வீனோடு நடந்தேன். அந்த மௌனத்தைக் கேட்டதிலிருந்து அவளை ஒரு தடவை பார்க்காமல் போக எனக்கு மனம் இல்லை.

மூன்று மாடிக் கட்டடம். அவள் வீடு இரண்டாவது மாடியில், கதவில் பூட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே சாமான் எதுவும் இல்லை. சுவரில் காலண்டர் மாட்டிய ஆணி மட்டும் இருந்தது. பர்வீன் பூட்டைப் பார்த்த பிறகும் கதவைத் தட்டினாள். போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தது. அவள் புருஷனும் போனை எடுக்கவில்லை.

சத்தம் கேட்டு, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வீட்டுச் சொந்தக்காரம்மா ஈரத் துணியோடு இறங்கி வந்தார்.

"அவங்க காலி பண்ணிகினு பூட்டாங்களே. ஊர்லேர்ந்து வந்த ஒடனே. அந்தத் தம்பி மட்டுந்தான் வந்து வண்டில சாமான் ஏத்திகினு போச்சு."

"அந்தப் பொண்ணு?" என்றேன்.

"அத்த நான் பாக்கல. ஊர்லயே கீது போல." எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, சிரித்த முகமாகவே, தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே கேட்டார். "இன்னாத்துக்குமா தேடிகினு வந்தீங்க? பிரச்சன ஒண்ணும் இல்லல்ல?"

பர்வீனின் தலையும் கூடவே ஆட ஆரம்பித்தது. பழக்கம். 'இல்ல' என்பதற்கு உதடும் பிரிந்துவிட்டது. பிறகு தலை நின்றது.

"கீதுக்கா" என்றாள். "அந்தப் பொண்ணோட அம்மா ஊட்டு நம்பரு உங்ககிட்ட கீதா?"